வீட்டில் பிடித்த மீன், ஓவனில் முழுதாகச் சுட்ட இரவுச் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. அம்மா வீடு அங்கேதான். அண்ணனும் சித்தப்பாவும் ஏரியில் தொழிலுக்குப் போகிறவர்கள். வலையில் நல்ல கொடுவா விழுந்தால் ஒன்றை விற்காமல் வீட்டுக்கு எடுத்து வைப்பார்கள். முன்பெல்லாம் அது குழம்பாகும், இல்லையென்றால் வறுவலாகும். வீட்டுக்குச் சின்ன ஓடிஜி ஓவன் வந்த பிறகு முழு மீனாகச் சுடுவதும் சேர்ந்துகொண்டது. சாப்பிட்டுப் போன சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்டதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். வேறு அளவு சொல்லாத இடங்களில் கணக்கு 1 கிலோ எடையுள்ள ஒரு கொடுவாவுக்கு. 3 பேர் சாப்பிடலாம். முள், தலை எல்லாம் போனால் முழு மீனில் ஏறக்குறைய பாதிதான் சதை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எந்த மீன் தோதானது?

என் முதல் தேர்வு கொடுவா. சதை வெள்ளையாக, பெரிய பெரிய இதழாக வரும். பொடி முள் தொல்லை இல்லை. உவர்நீரில் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் முகத்துவாரம் பக்கம் கடலை நோக்கிப் போகிற மீன் இது. பெரும்பாலானவை ஆணாகவே வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும். அதனால் மிகப் பெரிய கொடுவா கிடைத்தால் அது அநேகமாக முட்டை போடும் தாய் மீன். 1 கிலோ, ஒன்றரை கிலோ மீனே ஓவனுக்கும் சரி, ஏரிக்கும் நல்லது. பண்ணைக் கொடுவாவும் நன்றாகவே இருக்கும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தது. இன்று ஆண்டு முழுவதும் சந்தையில் கொடுவா கிடைப்பதற்கு அந்த வேலை ஒரு பெரிய காரணம்.

அடுத்து சங்கரா, விளைமீன், சின்ன கலவா, பாறை. மடவையும் நல்ல மீன்தான். அதில் கொழுப்பு அதிகம், தோல் அருமையாக முறுகும், ஆனால் வாடை கொஞ்சம் கூடுதல். வஞ்சிரத்தை முழுதாகச் சுடாதீர்கள். அது துண்டு போட்டு வறுக்கவே பிறந்த மீன், ஓவனில் சீக்கிரம் வறண்டுபோகும்.

மீன் கைக்கு வந்ததும் கரையிலேயே செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஓவனில் சுட்ட மீன் ருசியாக இருப்பதும் சப்பென்று இருப்பதும் பெரும்பாலும் மீன் தண்ணீரை விட்டு வந்த முதல் சில மணி நேரத்தில் தீர்மானமாகிவிடுகிறது. குழம்பில் புளியும் மிளகாயும் தேங்காயும் பல குறைகளை மூடிவிடும். இங்கே உப்பு, மிளகு, கொஞ்சம் எண்ணெய்தான். மீன் எப்படியோ அப்படியே தட்டில் வந்து நிற்கும்.

முதலில், துடிக்க விடாமல் உடனே கொல்ல வேண்டும். நெடுநேரம் துடிக்கிற மீனின் சதை சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் தளர்ந்துவிடும். தலையில், கண்ணுக்குச் சற்றுப் பின்னால் ஓங்கி ஒரு தட்டு போதும். உடனே செவுளைக் கீறிக் கடல்நீரிலோ ஏரி நீரிலோ சில நிமிடம் பிடித்தால் ரத்தம் வடிந்துவிடும். ரத்தம் போன மீனில் கவிச்சி குறைவு, சதையும் வெளுப்பாக இருக்கும்.

அப்புறம் ஐஸ். நம்ம ஊர் வெயிலுக்கு மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ், அதாவது ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ. கட்டி ஐஸை அப்படியே வைக்காமல் உடைத்து, கொஞ்சம் கடல்நீர் ஊற்றிக் கூழாக்கி அதில் மீனைப் புதைத்தால் இன்னும் வேகமாகக் குளிரும். கட்டிக்கும் மீனுக்கும் இடையில் காற்று நிற்கும், கூழில் எல்லாப் பக்கமும் குளிர் தொடும். நல்ல தண்ணீரில் மட்டும் நெடுநேரம் ஊறவிடக் கூடாது, தோல் நிறம் வெளுத்துச் சதை சொதசொதவென்று ஆகிவிடும். ஐஸ் கையில் இல்லாத நாளில் ஈரச் சாக்கைப் போர்த்தி, நிழலில் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் வீடு சேருங்கள்.

விடுமுறைக்கு வந்து தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று மீனவர் ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. தூண்டிலோடு இறங்குமுன் கரையில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடித்த உடனே சமைத்தால்தானே ருசி?

அப்படிச் சொல்லிவிட முடியாது. செத்த மீன் சில மணி நேரத்தில் கட்டைபோல விறைக்கும். அந்த நிலையில் ஓவனில் வைத்தால் சதை சுருங்கி, மீன் வில்லாக வளையும், சாறு வெளியே வந்துவிடும். ஒன்று, விறைக்குமுன் சமைக்க வேண்டும். வீட்டில் அது அனேகமாக நடக்காது. இல்லையென்றால் ஐஸில் வைத்து விறைப்பு இளகும்வரை காத்திருக்க வேண்டும். காலையில் வந்த மீனைக் குடல் எடுத்து, ஐஸில் வைத்து, இரவில் கையில் தூக்கிப் பாருங்கள். வால் தொங்கினால் சுடலாம். இன்னும் கம்பியாக நின்றால் மறுநாள் மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். ஐஸில் இருக்கிறவரை ஒரு நாள் தள்ளிப்போவதால் ருசி கூடுமே தவிரக் குறையாது.

நாங்கள் மீன் பிடிப்பதில்லை, வாங்குகிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

கண் புடைத்துத் தெளிவாக இருக்க வேண்டும். செவுளைத் தூக்கினால் நல்ல சிவப்பு. விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. வாசனை கடல்போல இருக்க வேண்டும், மீன்போல இருக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். அப்போது பெரிய மீன் வரத்து குறையும், ஐஸில் பல நாள் கிடந்த வெளியூர் மீன் கலந்து வரும். அந்த மாதங்களில் நாட்டுப்படகு மீனோ பண்ணைக் கொடுவாவோ கேட்டு வாங்குவது நல்லது.

எப்படி ஆய வேண்டும்? தலையை வெட்டிவிடலாமா?

செதிலை வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டுங்கள். கொடுவாவின் செவுள் மூடியில் கூரான முள்ளும் விளிம்பும் உண்டு, கையைக் கிழித்துவிடும், கவனம். வயிற்றைக் கீறிக் குடலையும் செவுளையும் முழுதாக எடுங்கள். செவுளை விட்டுவைத்தால் எவ்வளவு நல்ல மீனும் கசக்கும். முதுகெலும்பை ஒட்டி உள்ளே ஒரு கறுஞ்சிவப்புக் கோடு இருக்கும். அதைக் கத்தி முனையால் கீறி, விரல் நகத்தால் வழித்துக் கழுவ வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், கவிச்சி பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. கடைசியாகக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி ஒரு அலசல்.

தலை இருக்கட்டும். தலையோடு சுட்டால் கழுத்துப் பக்கத்துச் சதை வறளாது. கன்னத்தில் இருக்கும் இரண்டு சின்னத் துண்டுச் சதைதான் முழு மீனிலேயே சிறந்த இடம். எங்கள் வீட்டில் அது அப்பாவுக்கு ஒன்று, அன்று மீன் பிடித்தவருக்கு ஒன்று.

கழுவிய பிறகு துணியால் உள்ளும் புறமும் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு போனால் மீன் சுடாது, வேகும்.

மசாலா என்னென்ன?

உப்பு ஒன்றரை தேக்கரண்டி, புதிதாகப் பொடித்த மிளகு 1 தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, பூண்டு 6 பல், ஒரு விரல்நுனி அளவு இஞ்சி, நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. பூண்டையும் இஞ்சியையும் நசுக்கி மற்றவற்றோடு கலந்தால் முடிந்தது. காரம் வேண்டும் என்றால் மிளகாய்த்தூள் 1 தேக்கரண்டி. மீனின் இரு பக்கமும் மூன்று நான்கு இடத்தில் முள்வரை சாய்வாகக் கீறி, கீறலுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் தடவுங்கள். வயிற்றுக்குள் இரண்டு மூன்று சின்ன வெங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, இரண்டு வட்டம் எலுமிச்சை.

கடையில் கிடைக்கும் மீன் மசாலா போடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். போடலாம், தப்பில்லை. ஆனால் அன்றைக்குப் பிடித்த மீனுக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. மீன் இரண்டு மூன்று நாள் ஆனது என்றால் மசாலாவைக் கூட்டுங்கள், அல்லது பேசாமல் குழம்பு வையுங்கள்.

எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?

உப்பும் மசாலாவும் தடவி 20 நிமிடம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் ஊறும்போது சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் சதை சுடாமலே வெளுத்து இறுகும், அதிக நேரம் இருந்தால் மாவு மாவாகிவிடும். பரிமாறும்போது பிழிந்தால் போதும். மீன் வாடையைத் தருகிற பொருள்களைப் புளிப்பு அடக்கிவிடும், அதற்கு அந்த நேரத்துச் சாறே போதுமானது.

ஓவன் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்?

200 டிகிரி செல்சியஸ். மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். மீனை வைப்பதற்கு முன் குறைந்தது 15 நிமிடம் காய விடுங்கள், சின்ன ஓடிஜிக்கள் சொல்லும் சூட்டுக்கு வர நேரம் எடுக்கும். விசிறி ஓடும் ஓவன் என்றால் 180 போதும்.

நேரத்தை எடையை வைத்துக் கணக்கிடாதீர்கள், தடிமனை வைத்துக் கணக்கிடுங்கள். மீனைத் தட்டில் படுக்க வைத்து, மிகத் தடித்த இடத்தை ஒரு ஸ்கேலால் அளக்கவும். நல்ல சூட்டில் 2.5 சென்டிமீட்டருக்கு 10 நிமிடம் என்பது பல நாடுகளில் புழங்கும் பழைய கணக்கு. கனடாவின் மீன்வளத் துறை பரப்பிய கணக்கு என்பதால் அந்த நாட்டுப் பெயரிலேயே அழைப்பார்கள். அது 220, 230 டிகிரிக்குச் சொன்னது. நம் 200 டிகிரிக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். 1 கிலோ கொடுவா ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தடிமன் இருக்கும், அதற்கு 25 முதல் 30 நிமிடம். கீறல் ஆழமாக இருந்தால் 25-க்குப் பக்கம். நீளம் எவ்வளவு இருந்தாலும் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஒல்லியான நீள மீன் சீக்கிரம் வெந்துவிடும், குட்டையான தடித்த மீன் நேரம் எடுக்கும்.

நடுவில் திருப்ப வேண்டாம், தோல் பிய்ந்துவிடும். பாதி நேரத்தில் தட்டில் தேங்கிய எண்ணெயை ஒரு கரண்டியால் எடுத்து மேலே ஊற்றுங்கள். கடைசி 4 நிமிடம் மேல் கம்பி மட்டும் எரிந்தால் தோல் பொன்னிறமாகும், அப்போது ஓவன் பக்கத்திலேயே நில்லுங்கள்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

தலைக்குப் பின்னால், முதுகுப் பக்கம் தடித்த இடத்தில் கத்தி முனையை விட்டு லேசாக நெம்புங்கள். சதை கண்ணாடிபோலத் தெரியாமல் வெள்ளையாக, முள்ளை விட்டு இதழாகப் பிரிந்தால் ஆயிற்று. முதுகுத் துடுப்பைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும். உணவு வெப்பமானி இருந்தால் அந்த இடத்தில் 63 டிகிரி. கீறல்களில் வெள்ளைத் தயிர்போல ஏதோ திரண்டு நின்றால் அது மீனின் புரதம். கொஞ்சம் வருவது இயல்பு, நிறைய வந்தால் நேரம் கூடிவிட்டது என்று பொருள். வெளியே எடுத்து 5 நிமிடம் அப்படியே விடுங்கள், உள்ளே இருக்கும் சூட்டில் மீதி வேலை நடக்கும்.

அலுமினிய ஃபாயிலில் சுற்ற வேண்டுமா?

சுற்றினால் சதை மிருதுவாக வரும், தோல் முறுகாது. எனக்கு வாழையிலைதான் பிடிக்கும். நெருப்பில் வாட்டி, தண்டு நரம்பைச் சீவி, மீனைச் சுற்றி நூலால் கட்டி வைத்தால் இலையின் மணம் சதையில் இறங்கும். கேரளத்தில் கரிமீன் பொளிச்சதற்கும் இதே இலைதான், அங்கே தவாவில் சுடுவார்கள். இலை சுற்றிய மீனுக்கு 5 நிமிடம் கூடுதலாகக் கொடுங்கள். ஃபாயில்தான் இருக்கிறது என்றால், எலுமிச்சையோ தக்காளியோ நேரடியாக அதில் படாமல் நடுவே இலையோ பேக்கிங் தாளோ வையுங்கள். புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும்.

ஓவனே இல்லை. என்ன செய்வது?

இலையில் கட்டி, கனமான இரும்புச் சட்டியில் மூடி போட்டுச் சிறு தீயில் ஒரு பக்கம் 12 நிமிடம், திருப்பி இன்னொரு பக்கம் 12 நிமிடம். கன்வெக்ஷன் மைக்ரோவேவில் கம்பித் தாங்கியின்மேல் வைத்து 180 டிகிரி. வெறும் மைக்ரோவேவ் முறையில் வேண்டாம். ஏர் ஃபிரையர் அரைக் கிலோவுக்கு உட்பட்ட மீனுக்கு நல்ல சாதனம்.

மீன் தட்டை விட நீளமாக இருக்கிறதே?

1 கிலோ கொடுவா 40 சென்டிமீட்டருக்குப் பக்கம் வரும், சின்ன ஓவன் தட்டில் நேராகப் படுக்காது. மூலைக்கு மூலை சாய்த்து வையுங்கள். அப்படியும் இடமில்லை என்றால் வாலை வெட்டுங்கள். தலை கடைசி.

பெரிய மீன் எதுவும் விழவில்லை, கிழங்கானும் சாளையும்தான். சுடலாமா?

தாராளமாக. 220 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். சாளையில் அதற்கே எண்ணெய் இருப்பதால் மேலே ஊற்ற வேண்டாம்.

வலையில் வருவதில் தொடக் கூடாத மீன் உண்டா?

பேத்தை. ஊதிக்கொள்ளும் அந்த மீனின் ஈரலிலும் முட்டையிலும் இருக்கும் நஞ்சு நரம்பை முடக்கி மூச்சை நிறுத்தும். எந்தச் சமையல் சூட்டிலும் அழியாது. தெரிந்தவர்கள் ஆய்ந்து தருவதாகச் சொன்னாலும் வேண்டாம்.

பவளப்பாறைப் பகுதியில் பிடித்த மிகப் பெரிய கலவா, சீலா, சங்கரா வகை மீன்களில் சில நேரம் பாசியிலிருந்து சேரும் இன்னொரு நஞ்சு இருக்கும். அதுவும் சமைத்தால் போகாது. அப்படிப்பட்ட மீனில் அளவான சிறியதையே எடுங்கள், தலையையும் ஈரலையும் தவிருங்கள். சூரை, அயிலை என்கிற கானாங்கெளுத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உருவாகும். சாப்பிட்டதும் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வலிக்கும். ஐஸ் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

குளத்து மீன், ஆற்று மீனில் மண் வாடை வருகிறதே?

நீரில் உள்ள சில நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் பொருள் மீனின் சதையில் சேர்வதால் வருவது அது. புளிப்பில் அது குறையும். இதற்கு மட்டும் என் எலுமிச்சை விதியைத் தளர்த்திக்கொள்ளுங்கள்: மெல்லிய புளித்தண்ணீரில் 10 நிமிடம் வைத்து, அலசி, துடைத்து, பிறகு மசாலா.

கூட என்ன வைப்பது?

மீனுக்கு அடியிலேயே ஒரு பக்க உணவு தயாராகிவிடும். மூன்று உருளைக்கிழங்கை அரை சென்டிமீட்டர் வட்டமாக நறுக்கி, முக்கால் வேக்காடாக வேகவைத்து, சின்ன வெங்காயம், தக்காளித் துண்டோடு உப்பும் எண்ணெயும் புரட்டித் தட்டில் பரப்பி, அதன்மேல் மீனை வையுங்கள். பச்சையாக வைத்தால் மீன் வெந்த பிறகும் கிழங்கு கடிக்கும். மீனிலிருந்து இறங்கும் சாறெல்லாம் கிழங்கில் ஏறியிருக்கும், எங்கள் வீட்டில் அதற்குத்தான் சண்டை. சுடுசோறும் மிளகு ரசமும் இருந்தால் நிறைவான சாப்பாடு.

குழந்தைகளுக்கு முள் பயமாக இருக்கிறது.

பெரியவர் ஒருவர் பிரித்துக் கொடுங்கள். முதுகுக்கோட்டில் கரண்டியால் கீறி, மேல் பாதியை மேலும் கீழுமாக ஒதுக்கினால் நடு முள் தெரியும். வாலைப் பிடித்துத் தூக்கினால் தலையோடு முழு முள்ளும் வந்துவிடும், அடியில் உள்ள சதை அப்படியே கிடக்கும். வயிற்றுப் பக்கத்து விலா முட்களை விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு முதுகுச் சதையைக் கொடுங்கள். தொண்டையில் முள் குத்திவிட்டால் சோற்று உருண்டையை விழுங்கச் சொல்வது நம் வழக்கம். அது முள்ளை இன்னும் ஆழமாக இறக்கிவிடலாம். வலி நின்றபாடில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

மீதியான மீனை என்ன செய்வது?

ஆறியதும் முள் நீக்கி உதிர்த்து, 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து அதில் போட்டுப் புரட்டினால் புட்டுபோல வரும். சுறாவில் செய்வதைவிட மென்மையாக இருக்கும். திரும்ப ஓவனில் சூடாக்காதீர்கள், வறண்டுவிடும். தலையும் முள்ளும் இருக்கிறதே, அதை எறியாமல் மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சூப்பு.

ஓவனில் மீன் வாடை தங்கிவிட்டால்?

சூடு ஆறுவதற்குள் தட்டை எடுத்து ஊறப்போடுங்கள். ஓவன் தாங்கும் கிண்ணத்தில் தண்ணீரும் பிழிந்த எலுமிச்சைத் தோலும் போட்டு 150 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, அணைத்து ஆறவிட்டு, ஈரத் துணியால் உள்ளே துடைத்து, கதவை இரவு முழுவதும் லேசாகத் திறந்து வையுங்கள். மறுநாள் அதில் கேக் செய்வதாக இருந்தால் கம்பித் தாங்கியையும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள், வாடை அதிகம் ஒட்டுவது அங்கேதான்.